வாய் திறக்காத ஸ்டிக்கர்காரர்

திருப்பூரில் குறையே இல்லாத பனியன் ஒன்று எப்போதாவது தைக்கப்பட்டிருக்கலாம். அது ஸ்டிக்கர்காரரின் மேசைக்கு வரவில்லை. வந்திருந்தால் அதிலும் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார். முப்பத்தைந்து வருடங்களாகத் துணி பார்க்கும் அவர், "இதில் ஒன்றுமில்லை" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருடைய அதிகபட்சப் பாராட்டு "பாஸ் பண்ணலாமுங்க" என்பதுதான். அதையும் ஒரு பெருமூச்சோடுதான் சொல்வார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. பெருமாநல்லூர் சாலையில் உள்ள ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. தைத்து வந்த பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். சரிசெய்பவர் தேட வேண்டாம். அம்பு காட்டும் இடத்தைப் பார்த்தால் போதும். எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் ஸ்டிக்கர் தாளை மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். ஊர் முழுவதும் தனக்கு வந்த சரக்கு என்பது அவர் எண்ணம்.

நல்லூரில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. அங்கே ஒரு ஹோட்டலில் அவர் தோசைத் தட்டின் விளிம்பில் அம்பு ஒட்டியதை நானே பார்த்தேன்.

"ஏனுங்க, தோசைக்கு என்ன குறைங்க?" என்றார் கடைக்காரர்.

"ஓரத்துல கருகியிருக்குதுங்க. மைனர் குத்தம்தான். சாப்பிடலாம்."

அவருடைய அக்கா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. மேடையேறி ஆசீர்வாதம் செய்யும் சாக்கில் அதில் ஒன்றை ஒட்டிவிட்டு இறங்கினார். யாரும் கவனிக்கவில்லை. ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் அம்பு இருக்கிறது. அதற்குப் பிந்தைய எல்லாப் படங்களிலும் இருக்கிறது.

எனக்கு அவர் அறிமுகமானதும் இப்படித்தான். நான் வேலை பார்க்கும் நாளிதழின் அலுவலகத்துக்கு ஒருநாள் எங்கள் பேப்பரே தபாலில் திரும்பி வந்தது. நான் எழுதிய செய்தியில் மூன்று அம்புகள். ஓரத்தில் பென்சிலால் "மேஜர் 1, மைனர் 2" என்று குறிப்பு. மாட்டுச் சந்தைப் படத்துக்குக் கீழே நான் ஆட்டு விலையைப் போட்டிருந்தது மேஜர். தபாலில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு, சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் அவரைத் தேடிப் போனேன். காப்பி கொடுத்து, "கோவிச்சுக்காதீங்க, நெம்ப நல்லா எழுதறீங்க. அதனாலதான் உன்னிப்பாப் பாத்தேன்" என்றார். குறை சொல்வது அவருக்குக் கோபமில்லை, ஒருவகை மரியாதை என்பது அன்று புரிந்தது.

இப்படிப்பட்டவருக்கு இடது முழங்கால் தேய்ந்தது.

செக்கிங் வேலையை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. அவருக்கு இருந்தது. பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவோடு இருந்து கம்பெனி தொடங்கியவர் அவர் முதலாளி. அவரே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, "உக்காந்துட்டே பாருங்கண்ணா" என்று சொல்லியிருக்கிறார். நம் ஆள் அதில் துணியை அடுக்கி வைத்தார். "உக்காந்து பாக்கறவன் கண்ணு துணிமேல இருக்காதுங்க, மடிமேல இருக்கும்" என்பது அவர் கொள்கை. வலி ஏறிக்கொண்டே போனது. நிற்க முடியாத நாளில் அந்த மேசை வேறொருவருக்குப் போகும். அது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கும் அதே வருடம் வலது முழங்கால் மக்கர் செய்தது. கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் முழங்கால் ஊசி பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் அலுவலகத்துக்கு ஒரு அறிவிப்பு வந்தது. இருவரும் பஸ் ஏறினோம்.

ஆராய்ச்சியை நடத்தியவர் ஜெபா என்ற பெண். முப்பது வயதுகூட இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் தையல் மிஷினில் உட்கார்ந்த அம்மாவின் மகள். இரண்டு வருடம் அலைந்து அனுமதி வாங்கித் தொடங்கிய ஆய்வு. அதை வைத்துத்தான் அவர் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். முதல் குழுவில் நாங்கள் பத்துப் பேர். எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"முட்டிக்குள்ள முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு ஒரு தண்ணி இருக்கும். அதுக்குக் கெட்டித்தன்மை குடுக்கது ஹையலுரோனிக் அமிலம். பேருதான் அமிலம், சுடாது. சர்க்கரை மாதிரி சின்னச் சின்ன கண்ணி கோத்த நீளமான சங்கிலின்னு வச்சுக்கிடுங்க. உடம்பே அதச் செய்யும், உடம்பே உடைக்கும். தேய்மானம் வந்தா சங்கிலி குட்டையாப் போயிரும், தண்ணி நீத்துப்போகும். அதான் நீளமான சங்கிலிய நாம ஊசில ஏத்துதோம்."

ஸ்டிக்கர்காரர் கை தூக்கினார். "நீளமா இருந்தா நல்லது, குட்டையாப் போனா கெடுதிங்களா கண்ணு?"

"ஆமா ஐயா. நீளமா இருக்கப்போ அமைதியா இருக்கும். துண்டு துண்டாப் போனா வீக்கத்தக் கிளப்பிவிடும்."

"அப்படின்னா பஞ்சு மாதிரிங்க. நீள எழைப் பஞ்சுல நூலு வழவழன்னு வரும். குட்டை எழை கலந்தா ரெண்டு தொவைப்புல துணி மேல உருண்டை உருண்டையாக் கெளம்பிரும்."

ஜெபா சிரித்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வந்த குழுக்களுக்கெல்லாம் அவர் பஞ்சை வைத்துத்தான் விளக்கினார் என்று கேள்விப்பட்டேன்.

"எதுல இருந்துங்க எடுக்கறாங்க?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"மொதல்ல மாட்டுக் கண்ணுலதான் கண்டுபிடிச்சாங்க. பொறகு சேவல் கொண்டைல இருந்து எடுத்தாங்க. இப்ப பெரும்பாலும் பாக்டீரியாவ வளத்து எடுக்காங்க."

"சேவல் கொண்டையா! எங்க பல்லடத்துல கோழிக்கடைல அத நாயிக்கல்லவுங்க போட்டுட்டிருக்கறம்!" என்று பின்வரிசை நெஞ்சில் கை வைத்தது.

அடுத்து ஜெபா சொன்னதுதான் மண்டபத்தைக் கலக்கியது. எங்களில் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, மாதாமாதம் வலியைக் கேட்டு எழுதப்போகும் ஜெபாவுக்கும் தெரியாது. திரைக்குப் பின்னால் ஊசி போடும் டாக்டருக்கு மட்டும் தெரியும். ஆறு மாதம் இப்படி. எல்லாம் முடிந்தபின் உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு மருந்தை இலவசமாகப் போடுவார்கள். இடையில் வேறு ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. விருப்பமில்லாதவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

"உப்புத் தண்ணி குத்திக்கறதுக்காங்க ரெண்டு பஸ் மாறி வந்தம்?" என்று ஒருவர் எழுந்தார்.

"உப்புத் தண்ணி போட்டவங்களுக்கும் வலி குறையுது ஐயா. ஊசி போட்டாச்சுங்கற நெனப்புலயே குறையும். அப்ப மருந்தால குறைஞ்சது எவ்வளவு, நெனப்பால குறைஞ்சது எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்க? இந்த ஊசியப் பத்தி டாக்டர்மாரே இன்னும் சண்டைதான் போடுதாவ. ஒருத்தருக்கும் தெரியாம இருந்தாத்தான் சரியாப் பாக்க முடியும்."

ஸ்டிக்கர்காரர் யோசித்தார். "கண்ண மூடிட்டு செக்கிங் பண்ணச் சொல்றீங்க."

"ஆமா ஐயா. இருக்கதுலயே கண்டிப்பான செக்கிங் அதுதான்."

அந்த ஒரு வார்த்தையில் அவர் விழுந்துவிட்டார். ஒப்புதல் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்த ஒரே ஆள் அவர்தான். ஏழாம் பக்கம் இரண்டு முறை இருந்ததற்கு ஒரு அம்பு ஒட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஊசி போட்ட நாளன்று திரைக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஊசியில் வெள்ளைத்தாள் சுற்றியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. எனக்குப் போட்டு முடித்து வந்து உட்கார்ந்தேன். ஸ்டிக்கர்காரர் தன் முறை வரும்வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசர வேலை போலும் என்று நினைத்தேன். தனக்குப் போட்டு வந்த பிறகும் கடிகாரத்தை விடவில்லை. பத்துப் பேரும் முடிந்ததும் நேராக ஜெபாவிடம் போனார்.

"கண்ணு, உங்க வேலையில ஒரு குத்தம் இருக்குதுங்க. மேஜர்."

ஜெபா அவர் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். பத்திரிகைக்காரனின் கெட்ட பழக்கத்தில் நானும் பின்னால் போனேன்.

"டாக்டரு 'இப்பக் குத்தறேன்'னு சொல்றது வெளிய கேக்குதுங்க. 'ஆச்சு'ன்னு சொல்றதும் கேக்குது. நடுவுல எத்தன செகண்டுன்னு பாத்தேன். எங்க கம்பெனில ஒரு பனியனுக்குக் கை வெச்சுத் தைக்க எவ்வளவு நேரமாகுதுன்னு இப்படித்தான் கடியாரம் வச்சுப் பாப்பாங்க. சிலருக்குச் சட்டுனு முடியுது. சிலருக்கு இருவது செகண்டு தாண்டுது. நடுவுல ஒண்ணுமே இல்லீங்க. துணி பிரிண்டிங்ல சாயப் பேஸ்ட்டு கெட்டியா இருந்தா கை மெதுவாத்தான் போகும், தண்ணியா இருந்தா ஓடிரும். ஊசியும் அப்படித்தானுங்களே? ரெண்டு லாட்டும் தனித்தனியாத் தெரியுது. இப்ப என்னோடது..."

"சொல்லிராதீய!" ஜெபா கிட்டத்தட்ட அலறினார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, உங்களுக்கு எதுன்னு என் காதுல விழுந்துச்சுன்னா உங்க கணக்கு செல்லாது. மத்தவங்களுக்குச் சொன்னா அவங்க கணக்கும் செல்லாது. பத்துப் பேரும் போச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னா ஆராய்ச்சியே போச்சு."

"பத்துப் பேருக்கும் எதெதுன்னு எனக்குத் தெரியுமுங்களே."

"அத ஒரு தாள்ல எழுதி ஒட்டி எங்கிட்டக் குடுங்க. கடைசி நாள்தான் தொறப்பேன். இப்படி ஒண்ணு நடந்துருக்குன்னு அனுமதி குடுத்த கமிட்டிக்கும் எழுதிருதேன். ஆனா ஆறு மாசம், ஐயா. ஒரு வார்த்தை, ஒரு சாடை கூடாது. முடியுமா?"

குறை கண்டால் கல்யாண மேடையிலும் வாய் மூடாதவர். அவரிடம் போய் ஜெபா இதைக் கேட்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவர் ஜெபாவின் முகத்தைப் பார்த்தார். "முடியுமுங்க" என்றார். அடுத்த குழுவிலிருந்து டாக்டர் எந்த ஊசியானாலும் முப்பது எண்ணி முடித்துத்தான் "ஆச்சு" சொன்னார்.

ஒரு மனிதர் என் முழங்காலின் ரகசியத்தை வைத்துக்கொண்டு மாதாமாதம் என் பக்கத்திலேயே பஸ்ஸில் உட்கார்ந்து வருவது எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது பயணத்திலேயே நான் தோற்றுவிட்டேன். அவிநாசியில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

"ஜெபாகிட்ட நான் சொல்ல மாட்டேன். எனக்கு என்ன போட்டாங்க?"

அவர் பஜ்ஜியை மென்றார். "உப்பு தூக்கலா இருக்குதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன சொல்றீங்க? எனக்கா?"

"பஜ்ஜிக்குங்க! பஜ்ஜிக்கு!" பதறிப்போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் உப்பு என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. சாப்பாட்டில் குறைந்தால் இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டுவார்.

ஜெபாவிடம் வலிக்கு எண் சொல்வது இன்னொரு கூத்து. பத்துக்கு எத்தனை என்று கேட்பார்.

"ஆறரைங்க."

"அரை கிடையாது ஐயா. முழு எண்ணுதான்."

"டேப்புல அரை இல்லாம எப்படிங்க அளக்கறது?"

இரண்டாம் மாதம் அவருக்கு வலி நான்காகக் குறைந்தது. நல்ல செய்திதான். அவரோ ஏமாற்றப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு "நாலுங்க" என்றார். "சந்தோசமாச் சொல்லுங்க ஐயா" என்றார் ஜெபா. "இருக்கறது நாலு. நாலுதானுங்களே சொல்லோணும்" என்று விட்டுவிட்டார். என் வலி ஆறு. முதல் மாதமும் ஆறு, இரண்டாம் மாதமும் ஆறு.

நான் செய்தி சேகரித்துப் பழகியவன்; கிடைத்த தடயங்களை வைத்து முடிவுக்கு வந்தேன். அவருக்கு மருந்து, எனக்குத் தண்ணீர். இல்லாவிட்டால் என்மேல் அவருக்கு ஏன் திடீரென்று அத்தனை பரிவு? பஸ்ஸில் என் பையை அவர் தூக்கினார். படியிறங்கும்போது முன்னால் இறங்கி நின்று கை கொடுத்தார். மூன்று மாதமாக என்னுடைய எந்தச் செய்தியிலும் அம்பு விழவில்லை. தண்ணீர்க்காரன்மேல் மருந்துக்காரர் காட்டும் இரக்கம் இது என்று தீர்மானித்தேன்.

நான்காம் மாதம் அவர் முழங்கால் மறுபடி சரிந்தது. ஏற்றுமதி பற்றிய செய்திக்காக நான் அவர் கம்பெனிக்குப் போயிருந்த அன்று, என் கண்முன்னால் கால் மடங்கி மேசையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி ஓடிவந்தார்.

"அண்ணா, போதுமுங்க. நாளைக்கே கோயமுத்தூர் போறம். ஊசி நானே போட்டுவுடறேன். அந்த ஆராய்ச்சிய வுட்டுத் தொலைங்க."

"ஆறு மாசம் முடியட்டுமுங்க."

"உங்களுக்குப் போட்டது மருந்தா தண்ணியான்னாச்சும் தெரியுமுங்களா? தண்ணியா இருந்தா எதுக்குங்க இந்தப் பாடு?"

ஸ்டிக்கர்காரர் மேசையிலிருந்த ஒரு பனியனை எடுத்துக் கழுத்துப் பட்டியை வெகுநேரம் பார்த்தார். "முடியட்டுமுங்க" என்றார் மறுபடி.

முதலாளி கொஞ்சம் தயங்கி, அந்தப் பேசாத விஷயத்தைப் பேசினார். "நிக்க முடியாட்டி மேசைக்கு வேற ஆள் போடோணுமுங்கண்ணா. சரக்கு வாங்கற பையருக்கு நான் பதில் சொல்லோணுமில்லீங்க. உங்கள ஸ்டோருக்கு மாத்திக்கலாம்."

"சரிங்க. இந்த ஷிப்மென்ட் வரைக்கும் பாக்கறனுங்க."

நாற்காலியிலிருந்த துணிகளைத் தானே எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். வரிசையாக நின்ற செக்கிங் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அன்று மாலைக்குள் அவர் பாஸ் செய்த கட்டுகளில் இரண்டு பனியன்கள் கறையோடு போய்த் திரும்பி வந்தன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் நிற்பது, ஒரு மணி நேரம் உட்காருவது என்று ஷிப்மென்ட்டை ஓட்டினார். அடுத்ததையும் அப்படியே ஓட்டினார். முதலாளியும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாக் குழுக்களுக்கும் ஆறு மாதம் முடிந்து, கணக்கை மூடிய பிறகு எங்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஜெபா முதலில் என் பெயருக்கு நேரே பார்த்தார். "உங்களுக்கு மருந்து சார்."

"மருந்தா? சரியாப் பாருங்க."

"மருந்துதான்."

பிறகு ஸ்டிக்கர்காரரின் உறையைப் பிரித்தார். பத்துப் பெயர்கள், பத்துக் குறிப்புகள். பட்டியலோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பத்தும் சரி. அவர் பெயருக்கு நேரே "தண்ணி" என்று இருந்தது.

ஜெபா நிமிர்ந்தார். "ஐயா, மொத நாள்ல இருந்தே தெரியும். நாலாம் மாசம் அவ்வளவு வலி. விலகிப்போயி ஊசி போட்டிருக்கலாமே. உங்களுக்கு அந்த உரிமை இருக்குன்னு நானே சொன்னேம்லா?"

"சொன்னீங்க கண்ணு. தண்ணின்னு தெரிஞ்சு நான் எந்திரிச்சுப் போனேன்னா, பக்கத்துல உக்காந்திருக்கறவரு ஏன் போறேன்னு கேப்பாரு. அவருக்கும் சந்தேகம் வரும். தண்ணி போட்டவங்க ஒவ்வொருத்தராப் போயிட்டா நீங்க எதோட எத வச்சுப் பாப்பீங்க? ஒரிஜினல் சாம்பிள் இல்லாம சரக்கப் பாக்க முடியாதுங்களே."

ஜெபா ஏற்கெனவே அடுக்கியிருந்த கோப்புகளை இன்னொரு முறை அடுக்கினார்.

நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஆராய்ச்சி ஆகாது. மருந்து போட்டு நன்றாக நடந்தவர்களும் எங்கள் குழுவில் இருந்தார்கள். தண்ணீர் போட்டு நன்றாக நடந்தவர்களும் இருந்தார்கள். மொத்தக் கணக்கு என்ன சொல்கிறது என்பதை ஜெபா எழுதிக்கொண்டிருக்கிறார். அது வரும்போது வரட்டும். எனக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்.

"தண்ணி உங்களுக்கு. மருந்து எனக்கு. அப்புறம் எதுக்கு நீங்க என் பையைத் தூக்கினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க ஒவ்வொரு மாசமும் ஆறு, ஆறுன்னு சொல்லிட்டிருந்தீங்க. எனக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்குதுங்கற தைரியம் இருந்துச்சு. உங்களுக்குப் போட வேண்டியதப் போட்டாச்சு. உங்களுக்கு அது தெரியல, எனக்குத் தெரியும். பக்கத்துல உக்காந்துட்டுச் சொல்லாம இருக்கறது இருக்குது பாருங்க... முட்டி வலி அதுக்குத் தேவலைங்க."

அடுத்த வாரம் அவருக்கு மருந்து போட்டார்கள். நான் திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆராய்ச்சிதான் முடிஞ்சுதே, இப்பவாவது சொல்லலாமே" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"ஆறு மாசம் முடியட்டுமுங்க" என்றார்.

முடிய இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. மேசை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. காலையில் அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, அவரை ஏற்றிக்கொண்டு போய்ப் பெருமாநல்லூர் சாலையில் கம்பெனி வாசலில் இறக்கிவிடுகிறேன். உள்ளே அவர் நடந்து போய் மேசையருகே நிற்கும்வரை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புகிறேன். என் அலுவலகம் எதிர்த்திசையில் இருக்கிறது.